தளி பஸ்ஸில் போகாத பூ

காலை நடைக்கு வரும் நம் கூட்டத்தில் போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே குறையைச் சொன்னீர்கள். பிள்ளைகள் பிறந்தநாளுக்கு ஆர்க்கிட் தொட்டி வாங்கித் தந்தார்கள், பூ இருந்தவரை ஹாலில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது, பூ உதிர்ந்ததும் இலை தொங்கிவிட்டது, இப்போது பால்கனி மூலையில் கிடக்கிறது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. "உன் வீட்டுல மட்டும் எப்படிப் பொழைக்குது?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ ஒரு உரத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையான பதில் நீளமானது. நடந்துகொண்டே சொன்னால் நமக்கெல்லாம் மூச்சு வாங்கும் என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். ஆவணியில் ஊருக்கு வெளியே ஒரு விவசாயக் குடும்பத்தின் வளாகத்தில் வாடகைக்குக் குடிபோனோம். அவர்கள் வீட்டை ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகள் எங்களுக்கு. முற்றத்து நடுவில் ஒரே ஒரு மாமரம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் தகரக் கூரை. அங்கே சங்கு ஊதினால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்துக்கொள்ளும். முன்பு அந்த இடம் முழுக்க மாந்தோப்பாக இருந்ததாம்.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்நாடக எல்லையோரம் இருக்கும் தளிக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். வீட்டுக்குள் கன்னடம், வயல் ஆட்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒரே மூச்சில் வரும். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் திட்டுவதைக் கேட்டே எனக்கு ஒரு வருஷத்தில் பாதிக் கன்னடம் வந்துவிட்டது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரரும் அந்த அம்மாவும் கெலமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மாம்பூ எடுக்கும் முன்னால் மரத்தில் ஏறியிருக்கும் புல்லுருவியை வெட்டித் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மரத்தின் சத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும் என்பது கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்கு ஆள் கூப்பிட வேண்டும் என்று வீட்டுக்காரர் முந்தின வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா காதில் அது விழுந்துவிட்டது. "நான் இருக்கும்போது ஆள் எதுக்கு?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு ஏறிவிட்டார். எங்கள் அப்பாவுக்கு உதவி செய்வது ஒரு வியாதி.

நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்துக் கொத்தாகப் புல்லுருவி விழுந்தது. அப்பா இறங்கப் போகிற நேரத்தில் நான் கத்தினேன். "அப்பா, உங்க தலைக்கு மேல, கவட்டைல, இன்னொண்ணு பெருசா இருக்கு!"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஆமாட்டி. நல்ல கண்ணு உனக்கு."

அது லேசில் வரவில்லை. பட்டையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அரிவாளின் பின்பக்கத்தால் நெம்பித்தான் எடுத்தார். தொப்பென்று விழுந்ததைத் தொட்டுப் பார்த்தேன். இலைகள் தோல் பெல்ட் மாதிரி தடித்து, இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக இருந்தன. வேர்கள் வெள்ளையாக, என் சுண்டுவிரல் பருமனில். புல்லுருவிக்கு இப்படி வேர் கிடையாதே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் குவித்து அம்மா தீ வைத்தாள். பச்சையாக இருந்ததால் சரியாக எரியாமல் சாயங்காலம் வரை புகைந்துகொண்டிருந்தது.

கல்யாணத்திலிருந்து பட்டுப்புடவையோடு திரும்பிய வீட்டுக்கார அம்மா கேட்டுக்குள் நுழைந்ததும் மரத்தைப் பார்த்தார். பிறகு புகையைப் பார்த்தார். ஓடி வந்து வெறுங்கையைக் குவியலுக்குள் விட்டு இழுத்தார். நான்கைந்து தண்டுகள் கருகியே வந்தன. கடைசியாக ஒரு தண்டு வந்தது. மூன்று இலை, அதில் ஒன்று பொசுங்கியது, பாதி அறுந்த வேர்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா பக்கத்தில் போய், "புல்லுருவின்னு நெனச்சு…" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று மொழியில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விஷயத்தை மறுநாள் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அந்த அம்மாவே என் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது அவருடைய அண்ணன் தங்கைக்காக இந்த நிலத்தில் தன் கையாலேயே மாங்கன்றுகள் வைத்துக் கொடுத்தாராம். மரங்கள் வளர்ந்த பிறகு தளிக் காட்டோரம் காற்றில் முறிந்து விழுந்த கிளையிலிருந்து இந்தச் செடியை எடுத்து வந்து முதல் மரத்தில் கட்டினாராம். பிறகு தொழிற்பேட்டை வந்தது. வீட்டுக்காரர் தோப்பைக் கொடுத்துவிட்டார். மரங்களை வெட்டிய அன்று அண்ணன் வந்து, "நான் வெச்ச மரத்த வெட்டுன வீட்டு வாசப்படிய இனி மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிப் போனவர்தான். ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

முற்றத்துக்குள் இருந்ததால் அந்த முதல் மரம் மட்டும் தப்பியது. அதிலிருந்த செடி வருஷா வருஷம் வைகாசியில் பூக்கும். பூத்ததும் ஒரு கொத்தை ஒடித்து, ஈரத்துணி சுற்றி, வாழை இலையில் கட்டி, தளி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அண்ணனுக்கு அனுப்புவார். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் ஒரு மூட்டை வரும். கோஸ், பீட்ரூட், ஒரு வருஷம் ஒரு நாய்க்குட்டிகூட. கடிதம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது.

"பூ போச்சுன்னா நான் இருக்கேன்னு அர்த்தம். கோஸ் வந்துச்சுன்னா அவரு இருக்காருன்னு அர்த்தம். இந்த வருசம் பூ போகலன்னா தங்கச்சியும் வெட்டிவிட்டுட்டான்னு நெனப்பாரு. அதோட முடிஞ்சுது" என்றார்.

"ஒரு லெட்டர் போடலாம்லா?" என்றாள் அம்மா.

"லெட்டர்ல என்னா எழுதறது? எழுத ஆரம்பிச்சா பழசெல்லாம் எழுதணும்."

அம்மா வந்து அப்பாவிடம் ஒப்பித்தாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "வைகாசிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. நான் பூக்க வைக்கேன்" என்றார். எந்த மெஷின் நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கையில் பிழைக்காத எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அப்பா முதலில் செய்ததைக் கேட்டால் இன்றைக்கு நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். மண்தொட்டி வாங்கி, செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து, வேரெல்லாம் மறையும்படி நன்றாகப் புதைத்து, காலையும் மாலையும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கை கால் கழுவும் முன் தொட்டியைத்தான் பார்ப்பார். மூன்றாவது வாரம் பொசுங்கிய இலை உதிர்ந்தது. அதற்கடுத்து அடித்தண்டு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. ஒருவித புளித்த நாற்றம்.

வீட்டுக்கார அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. ஆனால் தினமும் எங்கள் வாசலைத் தாண்டும்போது கழுத்து மட்டும் திரும்பும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ஏ பாப்பா, உங்கப்பாகிட்ட சொல்லு. நான் அதுக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனது கிடையாது. மரத்து மேல சும்மா இருந்துச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அப்பாவிடம் போய் அப்படியே சொன்னேன். கேட்டதும் மரத்தில் ஏறினார். அரிவாள் இல்லாமல். கவட்டையில் உட்கார்ந்து, செடி இருந்த தழும்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பட்டையில் பழைய வேர்த்துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட மரத்துக்குள் போகவில்லை. வெறுமனே மேலே படர்ந்து பிடித்திருந்தது. மரத்திடமிருந்து அது எதையுமே எடுக்கவில்லை. உங்கள் பால்கனியில் கிடக்கும் ஆர்க்கிட்டின் காட்டுச் சொந்தம் அது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"ஏட்டி," என்று மேலிருந்தே கத்தினார். "நான் தண்ணில ஓடுத இஞ்சின்னு நெனச்சேன். இது காத்துல ஓடுத ஏர் கூல்டு!"

அன்றைக்கே தொட்டியை உடைத்தார். இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடைத் தீயில் காட்டி, கறுத்த பகுதியை எல்லாம் அறுத்து எடுத்தார். அறுத்த இடத்தில் என்ன வைப்பது என்று யோசித்தபோது அம்மா சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் டப்பாவோடு வந்து, "வெட்டுக்காயத்துக்கு வேற என்னத்த வைக்க?" என்று அப்பிவிட்டாள். மிஞ்சியது இரண்டு இலை, கட்டைவிரல் நீளத் தண்டு, ஒரே ஒரு வேர். அதை மாங்கட்டை ஒன்றில் தேங்காய் நார் வைத்து, மோட்டார் வைண்டிங்குக்குச் சுற்றுகிற வெள்ளை நாடாவால் கட்டி, எங்கள் வாசல் உத்தரத்தில் வெயில் படாத பக்கம் தொங்கவிட்டார். சலூன்காரரிடமிருந்து தலைக்குத் தண்ணீர் அடிக்கும் பழைய பாட்டில் ஒன்று வாங்கி வந்தார். பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் அதைப் பீய்ச்சுவது என் வேலை.

அப்பாவிடம் ஐடிஐ காலத்து வெர்னியர் அளவுகோல் ஒன்று இருந்தது. மரப்பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் படுத்திருக்கும். எங்களை அதைத் தொடவே விடமாட்டார். எத்தனையோ வீடு மாறியதில் அது எங்கே போனது என்று தெரியவில்லை, நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்த வெர்னியரால் ஞாயிறுதோறும் அந்த ஒற்றை வேரை அளந்து, கதவின் பின்பக்கம் சாக்பீஸால் தேதியும் மில்லிமீட்டரும் எழுதுவார். ஒரு மாதம் முழுக்க அதே எண். மாசி போய்ப் பங்குனி வந்தது. இலைகள் சுருங்கி, நடுவில் மடிப்பு விழுந்தன.

அந்தச் சமயத்தில்தான் எனக்குள் இருந்தது தாங்க முடியாமல் போனது. அப்பா பழி சுமந்துகொண்டிருந்தார். கைகாட்டியது நான். ஒரு மத்தியானம் வீட்டுக்கார அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"பெரியம்மா, அது அங்க இருக்குன்னு நான்தான் அப்பாவுக்குக் காட்டுனேன்."

அவர் நிமிரவேயில்லை. "தெரியும் பாப்பா."

"யாரு சொன்னா?"

"மேல ஏறுனவங்க கண்ணுக்கு அது படாது. எல மறைச்சுக்கும். கீழ நின்னுக்கினு யாராச்சும் காட்டுனாத்தான் உண்டு." கொட்டை எடுத்த புளியில் கொஞ்சம் உருட்டி என் கையில் வைத்தார். "மொதல் நாளே தெரியும். தின்னு."

நான் அழுதுகொண்டே தின்றேன். இரண்டு மாதமாக எல்லாம் தெரிந்தும் இந்த அம்மா என்னை ஒரு முறை முறைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பது அந்த வயதிலேயே எனக்கு மலைப்பாக இருந்தது. இன்றைக்கும்தான்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை. தண்ணீர் பீய்ச்சிவிட்டுத் திரும்பப் போனவள் நின்றுவிட்டேன். செத்த குச்சி மாதிரி வெள்ளையாக இருந்த வேர், தண்ணீர் பட்ட இடத்தில் பச்சையாகிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால், எண்ணி இரண்டு வினாடியில். உள்ளே யாரோ விளக்குப் போட்டது மாதிரி. அதுவரை அப்படி ஆனதில்லை. பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு அடுப்பில் பால் பொங்குவதை மறந்தாள். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் சைக்கிளை நிறுத்தினார். மூன்று பேரும் அது காயும்வரை காத்திருந்து, மறுபடி பீய்ச்சி, மறுபடி பார்த்தோம். பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். டீச்சரிடம் காரணம் சொன்னேன், நம்பவில்லை. முட்டி போட வைத்தார்கள். முட்டி போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பத்து நாளில் தண்டின் பக்கத்தில் ஒரு முண்டு தெரிந்தது. அது புது வேர். நுனி மட்டும் கண்ணாடி போலப் பளபளவென்று பச்சை. ஒரு வாரத்தில் ஆறு மில்லி வளர்ந்தது. மண்ணில்லாமல், எருவில்லாமல், வெறும் காற்றைத் தின்று. அந்தரத்தில் நீண்டு, வளைந்து, கட்டையைத் தேடிப் போய்த் தொட்டுப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கண் இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டேன். "எனக்குத் தெரியலட்டி" என்றார். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் முதல்முறையாகக் கேட்டேன். அதைச் சொல்லும்போது அவர் முகம் கோயிலில் நிற்கும்போது இருப்பதைப் போல இருந்தது.

ஆனால் பூ வரவில்லை. சித்திரை போனது, வைகாசியும் போனது. கண்டக்டர் ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தி, "என்னக்கா, இந்த வருசம் பொட்டலம் இல்லியா?" என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா தலையை மட்டும் ஆட்டினார். செடி பிழைத்ததைப் பற்றிய எங்கள் சந்தோஷத்தை அவர் முன்னால் காட்டக் கூச்சமாக இருந்தது. வேர் இரண்டாகி மூன்றாகியிருந்தது, புது இலைகூட எட்டிப் பார்த்தது. ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லையே. அப்பா கதவில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கேட்டுக்கு வெளியே தலையில் துண்டு கட்டிய ஒருவர், தோளில் மூட்டையோடு நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நான் ஓடிப்போய் யார் வேண்டும் என்று கேட்டேன்.

"பாப்பா, இந்த வூட்டு அம்மா… இருக்குதா?"

வீட்டில் இருக்கிறாரா என்று அவர் கேட்கவில்லை.

நான் பதில் சொல்லும் முன் வீட்டுக்கார அம்மா வெளியே வந்துவிட்டார். கையெல்லாம் ராகி மாவு. வந்தவர் மூட்டையைக் கீழே போட்டார். கோஸ் ஒன்று உருண்டு சாக்கடை வரை போனது.

"ஹூ பர்லில்ல," என்றார். "இதியோ இல்வோ அந்த பந்தே."

பூ வரவில்லை, நீ இருக்கிறாயோ இல்லையோ என்று வந்தேன். என் பாதிக் கன்னடம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும், அந்த அம்மா உள்பட, பூ போகாவிட்டால் உறவு அறுந்துவிடும் என்று நாலு மாதம் தூங்காமல் கிடந்தோம். அந்த மனிதருக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு மாதம் அங்கே அவரும் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றது ஞாபகம் இருந்ததால் மாமரத்தடியில் நாற்காலி போட்டோம். அப்பா அவர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான் வெட்டினேன்யா. புல்லுருவின்னு நெனச்சுட்டேன்" என்றார். அவர் செடியைக் காட்டச் சொன்னார். காட்டினோம். பிறகு கதவின் பின்னால் இருந்த கணக்கையும் பார்க்க வேண்டும் என்றார்.

"உள்ள வரணுமே," என்று அப்பா தயங்கினார்.

"உங்க வாசப்படிய நான் ஒண்ணும் சொல்லலியே," என்று உள்ளே வந்துவிட்டார். தேதியும் மில்லிமீட்டருமாக இருந்ததை மேலிருந்து கீழே வரை பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மழைக்காலம்தான், மரத்திலேயே ஏற்றிவிடலாம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து கட்டையோடு தூக்கி, கைக்கெட்டும் கிளையில் கட்டினார்கள். மத்தியான பஸ்ஸுக்கு அவர் கிளம்பிப் போனார்.

அடுத்த வருஷமும் அது பூக்கவில்லை. அண்ணன் ஆனியில் வந்தார். மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கும் அடுத்த வருஷம் பூத்தது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இத்தனை வயதுக்குப் பிறகும். ஒரே காம்பில் எட்டுப் பூ. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நாக்கு. வெயில் ஏற ஏற வாசனை முற்றத்தை நிறைத்தது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்து என்ன வாசம் என்று கேட்டார். அரிவாளின் பின்பக்கத்தால் நெம்பித் தீயில் போட்ட ஒன்று நமக்கு இப்படித் திருப்பித் தருமா? நான் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை.

வாழை இலை அறுத்துக்கொண்டு வரட்டுமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாம். கண்டக்டர் கேட்டா பூக்கலன்னு சொல்லிடு."

"பெரியம்மா, எட்டுப் பூ!"

"ஒம்பது வருசம் பூ அனுப்பி அனுப்பித்தான் அவர அங்கயே உக்கார வெச்சேன். நல்லாத்தான் இருக்கான்னு அவரும் இருந்துட்டாரு. வாய மூடிக்கினு சொன்னதச் செய்யி."

கண்டக்டர் கேட்டார். பூக்கலண்ணே என்றேன். அடுத்த ஞாயிறு அண்ணன் மூட்டையோடு வந்து, அதே நாற்காலியில், அதே கிளைக்குக் கீழே உட்கார்ந்தார். பூங்கொத்து அவர் தலைக்குச் சற்று மேலே தொங்கியது. காற்றில் அசைந்தால் துண்டில் இடித்தது. அவர் அண்ணாந்து, ஒவ்வொரு பூவாக நிதானமாகப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வருசமும் பூக்கலியா தங்கச்சி?" என்றார்.

"இல்லண்ணா," என்று காபியை நீட்டினார் வீட்டுக்கார அம்மா.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். "அப்போ அடுத்த வருசமும் வந்துதான் பாக்கணும்."